கியரும் காற்பழக்கமும்

தலைநகரில் வாழும் தமிழ் இளைஞர்களின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்குப் பின்வரும் காட்சி புதிதாயிராது. ஓர் அறை; அதில் நால்வர் குடியிருப்பு; நால்வருக்கும் பொதுவாக ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். வண்டியின் பதிவுச் சான்றிதழ் ஒருவர் பெயரில் இருக்கும். சாவியோ கதவருகே ஆணியில் தொங்கும். எவருக்கு அவசரமோ அவர் அதை எடுத்துச் செல்வார். ஊரைவிட்டு வந்து பிழைப்பவர்களிடையே இயல்பாக வளரும் இந்த ஒற்றுமை பாராட்டத்தக்கதே. எனினும், அவ்வாறு ஆணியில் தொங்கிய ஒரு சாவியால் நேர்ந்த விபத்தே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து விடியற்காலை. தில்லியில் பனிமூட்டம் கவிந்திருந்த நேரம். எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் நண்பரை அழைத்துவருவதற்காக அறைத் தோழரின் வண்டியில் புறப்பட்டார். பந்தயங்களில் பெருவிருப்பம் கொண்ட அத்தோழர், முந்திய வாரந்தான் அவ்வண்டியின் கியர் முறையைப் பந்தய வண்டிகளில் உள்ளதுபோல் தலைகீழாக மாற்றியிருந்தார். மாற்றியதை மறைக்கவுமில்லை. "எல்லாம் தலைகீழ், நினைவிருக்கட்டும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். இளைஞரும் அரை மணி நேரம் நினைவோடுதான் ஓட்டினார். புது தில்லி நிலையத்தை நெருங்கும் வேளையில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கைப் பிடித்துத் தப்பினார். பின்னர், மீண்டும் வேகமெடுத்து இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குச் செல்ல எண்ணியபொழுது, பல்லாண்டுப் பழக்கத்தின்படி அவர் கால் மிதியைத் தூக்கிவிட்டது. வண்டி மூன்றாம் கியருக்குச் செல்லாமல் முதல் கியருக்கு இறங்கிற்று. எஞ்சின் அலறிற்று, பின்சக்கரம் பனியில் நனைந்த சாலையில் இழுபட்டு வழுக்கிற்று. அவர் இடப்புறமாகச் சாய்ந்து விழுந்ததில் தோளெலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் அவரைக் கண்டபொழுது அவர் கூறிய சொற்களை நான் இன்றும் மறக்கவில்லை. "எனக்குத் தெரியும் சார்; காலுக்குத்தான் தெரியவில்லை" என்றார்.

நான் இயந்திரவியல் கற்றவனல்லன். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். எனினும் அவ்விளைஞரின் சொல் என்னை விடவில்லை. கியர் முறையை மாற்றுவது என்றால் என்ன, அதை ஏன் மாற்றுகிறார்கள், மாற்றியபின் நேர்வது யாது என்பனவற்றை நல்ல மெக்கானிக்குகளிடம் அமர்ந்து கேட்டறிந்தேன். அறிந்தவற்றையே இங்குக் கூற முற்படுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். "மேலே போடு, கீழே போடு" என்று சொல்லும்பொழுது, காலின் திசையைக் குறிக்கிறோமா, கியரின் படியைக் குறிக்கிறோமா என்பது விளங்குவதில்லை. பாதிக் குழப்பம் இதனால் வருவதே. ஆகவே, கால் செய்வதை மிதித்தல், தூக்குதல் என்றும், வண்டியில் நிகழ்வதை உயர் கியருக்குச் செல்லுதல், தாழ் கியருக்குச் செல்லுதல் என்றும் வேறுபடுத்திச் சொல்வோம்.

இன்று சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுமுறை உண்டு. கியர் மிதி இடக்காலில் இருக்கும். ஒருமுறை மிதித்தால் முதல் கியர்; அதன்பின் ஒவ்வொரு முறை தூக்கும்பொழுதும் இரண்டு, மூன்று, நான்கு என்று உயரும். முதலுக்கும் இரண்டுக்கும் இடையில் நியூட்ரல் அமைந்திருக்கும். பந்தய முறை இதற்கு நேர்மாறானது. தூக்கினால் முதல் கியர். அதன்பின் ஒவ்வொரு மிதியிலும் உயர் கியர். சுருங்கச் சொன்னால், பொதுமுறையில் மிதித்தல் தாழ்வுக்கு, தூக்குதல் உயர்வுக்கு. பந்தய முறையில் மிதித்தல் உயர்வுக்கு, தூக்குதல் தாழ்வுக்கு.

பந்தய வீரர்கள் இதனை விரும்புவது வெறும் நாகரிகத்திற்காக அன்று. பந்தயப் பாதையில் ஓர் இடப்புற வளைவை எண்ணிப்பாருங்கள். வண்டி இடப்பக்கம் மிகவும் சாய்ந்து செல்லும். உலகப் போட்டிகளில் இச்சாய்வு இன்று 60 பாகைக்கும் மேற்படுகிறது. அந்நிலையில் வீரரின் இடப்பாதத்திற்கும் தரைக்கும் இடையே உள்ள இடம் மிகச் சிறிது. வளைவிலிருந்து வெளிப்படும்பொழுது, வண்டி முற்றிலும் நிமிருமுன்பே அவர் வேகம் கூட்டி உயர் கியருக்குச் செல்லவேண்டும். பொதுமுறையாயின், பாதத்தைத் தாழ்த்தி, கட்டைவிரலை மிதிக்கு அடியில் நுழைத்துத் தூக்கவேண்டும். நுழைக்க இடமில்லை, நுழைத்தால் பாதணி தரையில் உரசும். பந்தய முறையாயின், பாதம் மிதியின் மேலேயே இருக்கிறது, அழுத்தினாற் போதும். மேலும், வண்டி பாய்ந்து முன்செல்கையில் உடல் பின்னுக்குத் தள்ளப்படும். அப்பொழுது விரலால் தூக்குவதைவிடப் பாதத்தால் அழுத்துவதே உறுதியானது. தாழ் கியருக்கு வருவதோ பெரும்பாலும் வளைவுக்கு முன், வண்டி நேராக நிற்கும்பொழுது நிகழ்வது. அங்கே தூக்குவதில் இடரில்லை.

பந்தய வண்டிகளில் காணும் மாற்றங்கள் பலவும் இவ்வாறு உடலின் தேவையிலிருந்து பிறந்தவையே. ஆஸ்திரேலிய வீரர் மிக் டூஹன், 1992 இல் நெதர்லாந்தின் அஸ்ஸென் பாதையில் விழுந்து வலக்காலில் கொடிய காயமுற்றார். வலக்காலால் பின் பிரேக்கை முன்போல் இயக்க இயலாதாகவே, இடக்கைக் கட்டைவிரலால் இயக்கும் பிரேக்கு ஒன்றை அமைத்துக்கொண்டார். அதன்பின் 1994 முதல் 1998 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உலகச் சாம்பியனாயினார். தேவை முதலில் வந்தது. மாற்றம் பின்னர் வந்தது. இவ்வரிசையை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

இனி, மாற்றம் எங்ஙனம் செய்யப்படுகிறது என்பதைக் காண்போம். கியர் பெட்டியைப் பிரித்துப் பற்சக்கரங்களை இடம் மாற்றுவார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. பெட்டிக்குள் எதுவும் மாறுவதில்லை. அங்கே ஓர் உருளை உண்டு. அதன் மேற்பரப்பில் வளைந்து நெளிந்த பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். உருளை ஒரு படி சுழலுந்தோறும், அப்பள்ளங்களில் பொருந்தியுள்ள கவைகள் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு கியரை விடுவித்து மற்றொன்றைப் பிணைக்கும். இவ்வுருளையைப் படிப்படியாகத் திருப்புவது ஒரு தண்டு. அதன் ஒரு முனை பெட்டிக்கு வெளியே நீண்டிருக்கும். அத்தண்டு ஒரு திசையில் திரும்பினால் உயர் கியர், மறு திசையில் திரும்பினால் தாழ் கியர். கால் எடுத்தவுடன் வில் அதனை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடும். கால் மிதித்ததா தூக்கியதா என்பதை அத்தண்டு அறியாது. எத்திசையில் திருப்பப்பட்டது என்பதை மட்டுமே அறியும்.

ஆகவே, காலுக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள தொடர்பை ஓரிடத்தில் தலைகீழாக்கினாற் போதும். பல வண்டிகளில் மிதி ஓரிடத்திலும், தண்டு சற்று முன்னே வேறிடத்திலும் இருக்க, இரண்டையும் ஓர் இணைப்புக் கம்பி பிணைக்கிறது. தண்டின் முனையில் ஒரு சிறு கை பொருத்தப்பட்டிருக்கும். கம்பி அக்கையைத் தள்ளும் அல்லது இழுக்கும். கை கீழ்நோக்கி இருந்தால், அதைக் கழற்றி மேல்நோக்கித் திருப்பிப் பொருத்துவர். அதே கம்பி அதே பக்கம் தள்ளினாலும், தண்டு இப்பொழுது எதிர்த்திசையில் திரும்பும். மிதியின் அச்சுக்கு ஒரு பக்கத்தில் உள்ள கம்பியின் முனையை மறுபக்கத்திற்கு மாற்றியும் இதே பயனைப் பெறலாம். இரண்டையும் ஒருங்கே செய்தால் பழைய முறையே திரும்ப வந்துவிடும். இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு என்று இலக்கணம் கூறுகிறதன்றோ? இயந்திரத்திலும் அவ்விதி செல்லும்.

செய்வது எளிதெனினும், செம்மையாகச் செய்வதற்குச் சில கவனிப்புகள் வேண்டும். மிதி ஓய்ந்திருக்கும் நிலையில், கம்பியும் தண்டின் கையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கவேண்டும். இல்லையேல் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் கியர் விழும். கை மேல்நோக்கித் திரும்பியபின், அது எஞ்சின் மூடியிலோ சட்டத்திலோ இடிக்கக்கூடாது. கம்பியின் இரு முனைகளிலும் மரைகள் போதிய ஆழம் ஏறியிருக்கவேண்டும். பூட்டு நட்டுகள் இறுகியிருக்கவேண்டும். தண்டின் வரிப்பள்ளங்களில் கை முழுமையாகப் பொருந்தி, அதன் போல்ட் உரிய அளவு முறுக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது. பின்னர், எஞ்சினை நிறுத்திப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றியவாறே எல்லாக் கியர்களையும் ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் போட்டுப் பார்த்தல் வேண்டும். கிளச்சைப் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் உணர்கருவி சில புதிய வண்டிகளின் இணைப்புக் கம்பியில் உண்டு. அது தள்ளுதலையும் இழுத்தலையும் வேறுபடுத்தி உணர்வதாயின், அதன் அமைப்பையும் மாற்றவேண்டியிருக்கும்.

எல்லா வண்டிகளிலும் இம்மாற்றம் இயலாது. நம் நாட்டில் அலுவலகம் செல்வோர் ஓட்டும் எளிய வண்டிகள் பலவற்றில் இணைப்புக் கம்பியே இல்லை. மிதி நேராகத் தண்டின்மீது பொருத்தப்பட்டிருக்கும். அதைத் திருப்பினால் மிதி பின்புறம் சென்று காலுக்கு எட்டாமற் போகும். கம்பியோடு கூடிய வேறு காலணைகளை வாங்கிப் பொருத்தினாலன்றி அங்கே முறையை மாற்ற வழியில்லை.

அவ்வண்டிகளில் வேறொரு செய்தி கவனிக்கத்தக்கது. மிதிக்கு முன்னும் பின்னும் இரண்டு கைகள் உண்டு. முன்னதை விரலாலும் பின்னதைக் குதிகாலாலும் அழுத்தலாம். குதிகாலால் அழுத்துவது விரலால் தூக்குவதற்குச் சமம். மேலும், ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில், நியூட்ரலிலிருந்து நான்கு கியர்களும் முன்பக்கம் மிதிப்பதாலேயே உயரும். "எனக்கு மிதித்து உயர்த்திப் பழக்கந்தானே, பந்தய முறை எளிது" என்று அத்தகைய வண்டியோட்டி எண்ணக்கூடும். அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. அவர் நியூட்ரலிலிருந்து மிதித்து முதல் கியரை எதிர்பார்ப்பார். பந்தய முறையிலோ, முதல் கியர் தூக்குவதில் இருக்கிறது. மிதித்தால் இரண்டாம் கியர் விழுந்து, எஞ்சின் அடைத்து நின்றுவிடும். பாதி ஒத்த பழக்கம் முழுதும் வேறுபட்ட பழக்கத்தைவிட ஏமாற்றவல்லது.

அப்படியாயின் இயற்கையான முறை எது என்று கேட்கலாம். இயற்கையான முறை என்று ஒன்றில்லை என்பதே விடை. 1955 இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த பழைய புல்லட்டை உங்களிற் பலர் அறிவீர்கள். அதில் கியர் வலக்காலில் இருந்தது. தூக்கினால் முதல் கியர். மிதித்தால் இரண்டு, மூன்று, நான்கு. இன்று பந்தய முறை என்று இளைஞர்கள் வியந்து பேசும் அதே வரிசையில், நம் பெரியோர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் வரப்போரம் பல்லாண்டு சென்று வந்தார்கள்! பிரிட்டிஷ் வண்டிகளிலேயே நார்ட்டன் ஒரு முறையையும் டிரயம்ப் அதற்கு மாறான முறையையும் கொண்டிருந்தன. இத்தகைய வேறுபாடுகளால் வண்டி மாறி ஏறுவோர் இடர்ப்பட்டனர். ஆகவே 1974 இல் அமெரிக்காவில் ஒரு விதி அமலுக்கு வந்தது. கியர் இடக்காலிலேயே இருத்தல் வேண்டும்; விரலால் தூக்கினால் உயர் கியருக்குச் செல்லுதல் வேண்டும் என்பது அவ்விதி. அந்தப் பெரிய சந்தையை இழக்க விரும்பாத பிறநாட்டு உற்பத்தியாளரும் அதனைப் பின்பற்றினர். பின்னாளில் புல்லட்டும் இடக்கால் முறைக்கு மாறிற்று.

இம்மாற்றத்தை என் காலே அனுபவித்ததுண்டு. திருச்சியில் கல்லூரியில் படித்த நாட்களில், பெரியப்பாவின் பழைய புல்லட்டில்தான் நான் ஓட்டக் கற்றேன். தில்லிக்கு வந்து இடக்கால் கியர் வண்டி வாங்கியபின், ஏறத்தாழ இரண்டு மாதங்கள் என் வலக்கால் கியரைத் தேடிப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அமைதியான சாலையில் பிழை நேரவில்லை. பேருந்து திடீரென்று முன்னே நின்றால்தான் கால் திருச்சிக்குத் திரும்பிவிடும். புது ஊருக்கு வந்த நமக்கு, நாள் முழுதும் வேற்று மொழியில் பேசிவிட்டுச் சுத்தியல் விரலில் பட்டவுடன் "ஐயோ அம்மா" என்று தமிழ் வருகிறதன்றோ? அதுபோன்றதே இதுவும். மனம் புதியதைக் கற்றபின்னும், அதிர்ச்சி வேளையில் உடல் பழையதையே பேசுகிறது.

அபாயம் இங்ஙனம் இருவகைப்படும். விரைந்து நிற்கவேண்டிய வேளையில் தாழ் கியரை நாடி மிதித்தால், பந்தய முறையில் உயர் கியர் விழும். எஞ்சினின் தடுப்பாற்றல் குறைந்துபோகும். மீண்டும் கிளம்பவும் இயலாது வண்டி திணறும். இது முதல்வகை. எஞ்சின் விரைந்து சுழலும் வேளையில் உயர் கியரை நாடித் தூக்கினால், தாழ் கியர் விழும், எஞ்சின் தன் எல்லையைக் கடந்து சுழலக்கூடும், பின்சக்கரம் இழுபடும். இது இரண்டாம் வகை, முன்னதினும் கொடியது. எங்கள் இளைஞருக்கு நேர்ந்தது இதுவே.

ஆதலின், சாலையில் ஓட்டும் வண்டிக்கு இம்மாற்றம் தேவையா என்பதை ஒருவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை செட்டிபாளையத்திலோ, இங்கே கிரேட்டர் நொய்டாவிலோ உள்ள பந்தயப் பாதைகளில் முறையாகப் பயில்பவர்க்கு அது பொருள் உடையது. அலுவலகத்திற்கும் அங்காடிக்கும் செல்பவரின் சாலை அத்தகைய சாய்வைக் கேட்பதில்லை. கேட்காத வினாவுக்கு விடை எதற்கு?

துணிந்து மாற்றுவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். முதல் சில வாரங்கள், போக்குவரத்தில்லாத திடலில் மெதுவாகப் பயிலவேண்டும். அக்காலத்தில் பழைய முறை வண்டி எதையும் ஓட்டலாகாது. இரண்டையும் மாறி மாறி ஓட்டுபவரின் கால் எதையும் முழுதாகக் கற்பதில்லை. புதிய கியர் வரிசையைக் கைப்பிடியருகே கண்ணிற் படும்படி எழுதி ஒட்டவேண்டும். மாற்றுமுன் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுதிக் கேட்டுக்கொள்ளுதல் நன்று. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாதென 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு கூறுகிறது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். வண்டியை விற்கும்பொழுது பழைய முறைக்குத் திருப்பியே விற்கவேண்டும்.

எல்லாவற்றினும் தலையாய நெறி ஒன்றுண்டு. முறை மாற்றிய வண்டியை எவருக்கும் இரவல் தரலாகாது. "சொல்லித்தான் கொடுத்தேன்" என்பது போதிய காப்பன்று. சொல் காதுக்குப் போகும், காலுக்குப் போகாது. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், அறையில் விழித்திருப்பவர் எவரோ அவரே சாவியை எடுத்து ஓடுவார். அவ்வேளையில் ஒட்டிய சீட்டை நின்று படிக்க அவகாசம் ஏது? பலர் கை படும் வண்டி, பலர் அறிந்த முறையிலேயே இருத்தல் வேண்டும்.

அவ்விளைஞர் மூன்று மாதங்களில் நலமுற்றார். வண்டிக்குரிய தோழர், மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே, எவரும் சொல்லாமலே, தண்டின் கையைக் கழற்றிப் பழையபடி கீழ்நோக்கிப் பொருத்திவிட்டார். அரை மணி நேர வேலை. சாவி மீண்டும் கதவருகே ஆணியில் தொங்குகிறது.